இருபத்தேழாம் படம்

மெட்ராஸிலிருந்து வாத்தியார் வருகிறார் என்றுதான் சுற்றறிக்கை சொன்னது. 1978-ஆம் வருஷத்து ஐப்பசியில் அது மரக்காணம் அரசு மருந்தகத்துக்கு மூன்று பிரதிகளில் வந்து சேர்ந்தது. வாத்தியார் ஒரு கம்ப்யூட்டர். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு நோயைக் கண்டுபிடிக்க அது கிராமத்து டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். ‘நிபுணரின் கண் இனி ஒவ்வொரு கிராமத்திலும்’ என்று தலைப்பு. கீழே கையெழுத்து: பேராசிரியர் டாக்டர் காசிலிங்கம், தலைவர், நெஞ்சக நிழலியல் உயர் ஆய்வு மன்றம். பெயருக்குப் பின்னால் வந்த பட்டங்கள் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன.

வாத்தியார் வரவில்லை. அவர் மெட்ராஸில் இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு, குளிர்சாதன வசதியோடு வாசம் செய்தார். இடம் மாறினால் அவர் உடம்புக்கு ஆகாது. அவருக்குப் பதிலாகத் திண்டிவனம் வழியாக வந்த பஸ்ஸின் கூரையில் ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே நாற்பது எக்ஸ்ரே படங்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். கூடவே ஒரு கட்டு விடைத்தாள்.

மரக்காணம் மருந்தகத்தில் எக்ஸ்ரே கருவி இல்லை. அது அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் என்றார்கள். அதைப் படிக்கிற படிப்பு இந்தத் திட்டத்திலேயே வந்துவிட்டது. டாக்டர் தேசப்பன் இதைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷ அரசாங்க உத்தியோகத்தில் கேட்கக் கூடாதவை எவை என்பதை அவர் எந்த வாத்தியாரும் இல்லாமலே கற்றிருந்தார்.

பாடமுறை எளிது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விடைத்தாளில் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள எண்களில் ஒன்றை வட்டமிட வேண்டும். ஒன்று என்றால் நோய் இல்லை, இரண்டு காசநோய், மூன்று நிமோனியா, நான்கு புற்று, ஐந்து மற்றவை. கவரைச் சாயந்திர பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், மெட்ராஸில் அதை அட்டையில் ஓட்டையாகக் குத்தி இயந்திரத்துக்கு ஊட்டுவார்கள். மூன்றாம் நாள் பஸ்ஸில் பதில் வரும். இரண்டு ஓரமும் துளை போட்ட அகலமான தாளில், தந்தி மாதிரி பெரிய இங்கிலீஷ் எழுத்து. விடை சரியென்றால் பாராட்டு. தவறென்றால் திட்டு. இயந்திரத்துக்குத் தானாகத் திட்டத் தெரியாது என்பதால் பேராசிரியர் காசிலிங்கமே உட்கார்ந்து அத்தனை திட்டையும் சொல்லி எழுதவைத்திருந்தார். அந்த வேலையை அவர் ரசித்துச் செய்திருக்கிறார் என்பது படித்தாலே தெரிந்தது.

முதல் இருபத்தாறு படங்களில் தேசப்பன் பத்தொன்பது வாங்கினார். அவருக்கே இது பிடித்துப்போனது. நோயாளிகள் போன பிறகு ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு படமாகப் பிடித்துப் பார்ப்பார். படத்துக்குப் பின்னால் உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர் நின்றது. பாத்திகள் எல்லாம் முழுகி, வரப்புகளின் முதுகு மட்டும் தெரிந்தது.

இருபத்தேழாம் படத்துக்கு அவர் ஒன்று என்று வட்டமிட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது.

‘தவறு. இடது நுரையீரலின் மேற்பாதியில், இரண்டு விலா எலும்புகள் குறுக்கிடும் இடத்தில், ஒழுங்கற்ற ஓரமுள்ள நிழல். இது புற்று. நீங்கள் இந்த நோயாளியை நலம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். இவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுவார். மறுபடி பார்த்து மறுபடி விடையளிக்கவும்.’

தேசப்பன் மறுபடி பார்த்தார். மங்கலாக ஏதோ இருக்கத்தான் செய்தது. எலும்பு எலும்பின் மேல் விழுந்த நிழல் என்று அவர் தள்ளிவிட்ட இடம் அது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்ட பிறகு படத்தில் அதைத் தவிர வேறெதுவும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதன் எல்லையைத் தேடிக் கண்ணை மேலே கொண்டுபோனபோது இடது காறை எலும்பில் போய் நின்றார். அது நடுவில் முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. வலப்பக்கம் பார்த்தார். கழுத்தடியில் ஒரு விலா எலும்பு கூடுதலாக முளைத்திருந்தது.

பத்தொன்பது வயசில் கிளியனூர் ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து அவருக்கு இடது காறை எலும்பு முறிந்தது. வலப்பக்கத்துக் கூடுதல் விலாவைத் தொட்டுப் பார்க்க மருத்துவக் கல்லூரியில் சக மாணவர்கள் வரிசையில் நின்றதுண்டு. இரண்டும் சேர்ந்த இன்னொரு மனிதன் இந்தக் கடற்கரையில் இருக்க வாய்ப்பில்லை.

மாசி மாசத்தில் எக்ஸ்ரே வேன் வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. உப்பளத்து ஜனங்கள் அதில் ஏற மாட்டோம் என்றார்கள். அந்த மெஷின் நெஞ்சிலிருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பயத்தைத் தெளியவைக்க டாக்டரே எல்லோருக்கும் முன்னால் ஏறிக் காட்டினார். பின்னாலேயே முந்நூறு பேர் ஏறினார்கள். படங்கள் மெட்ராஸுக்குப் போயின. நாற்பது நல்ல படம் தேடிய பேராசிரியர் அந்தக் கட்டிலிருந்தும் சிலதை எடுத்திருக்கிறார்.

மாசியிலிருந்து விரல் விட்டுப் பார்த்தார். ஒன்பது மாசம் போயிருந்தது.

அன்றைக்கு அவர் விடைத்தாளில் நான்கு என்று வட்டமிட்டு அனுப்பினார். பதில் வந்தது: ‘சரி. பாராட்டுகள். அடுத்த படத்துக்குச் செல்லவும்.’ தன் சாவைச் சரியாகக் கண்டுபிடித்ததற்காகப் பாராட்டு வாங்கிய முதல் டாக்டர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த விடைத்தாளின் ஓரத்தில், இருபத்தேழாம் நோயாளிக்குச் சிகிச்சை ஏதாவது தரப்பட்டதா என்று சின்ன எழுத்தில் கேட்டு அனுப்பினார். அட்டையில் ஓட்டை குத்துகிறவர்கள் வட்டத்தை மட்டும்தான் குத்துவார்கள், ஓரத்தைக் குத்த மாட்டார்கள். பேராசிரியருக்கே ஒரு கடிதம் போட்டார். தங்கள் மேலான கருத்து பதிவு செய்யப்பட்டது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது.

இருமல் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் மரக்காணமே இருமிக்கொண்டிருந்தது. அவரும் தினமும் முப்பது இருமலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த முப்பதும் இருமல். இது வேறு. மத்தியானம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பைத் தன் இடது நெஞ்சில் வைத்துக் கேட்பார். கேட்டது இருதயம் ஓடுகிற சத்தம்தான். அது ஓடுகிற வேகத்தைக் கேட்டு இன்னும் பயந்தார். மனைவி சாமுண்டீஸ்வரி தூதுவளைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இடுப்பு வேட்டி ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்றும் கேட்டாள். மழை என்றார். வேட்டி நழுவ மழை எப்படிக் காரணம் என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அவர் அழுதிருப்பார்.

பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அங்கே எக்ஸ்ரே எடுக்க நாலு இடம் இருந்தது. மற்றவர்களுக்குச் சீட்டு எழுதி அங்கே அனுப்ப அவருக்கு அரை நிமிஷம் போதும். தனக்கு எழுதப் போன மூன்று தடவையும் பேனாவை மூடிவிட்டார். மழை விடட்டும் என்று ஒரு வாரம் தள்ளினார். ஜுரக் கூட்டம் குறையட்டும் என்று இன்னொரு வாரம். எடுக்காதவரைக்கும் மெஷின் சொன்னது தப்பாக இருக்க ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் அவர் குடியிருந்தார்.

கம்பவுண்டர் பக்கீர் முஹம்மதுவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. டாக்டர் ஒரே படத்தைத் தினமும் ஜன்னலில் பிடிப்பதைப் பார்த்து, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரோ ஒரு ஆளுக்குப் புற்று, வருஷத்துக்குள் போய்விடுவான் என்று மெட்ராஸில் சொல்கிறார்கள் என்றார் தேசப்பன்.

“அந்த ஆளு மௌத்து ஆவறதுக்கு முன்னாடி அவன்கிட்ட யாராவது சொன்னாங்களாங்க?”

“சொல்லலை.”

“டாக்டருங்களுக்கு மட்டும் சொன்னாங்களாக்கும். நல்ல படிப்புங்க.” அவர் மருந்து கலக்கப் போய்விட்டார்.

கார்த்திகையில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பேராசிரியரே மரக்காணத்துக்கு வந்து, சுற்றுவட்டார டாக்டர்கள் எட்டுப் பேர் முன்னிலையில் தன் ‘நிபுணரின் கண்’ணை விளக்கப்போகிறாராம். பயணியர் விடுதியில் ஏற்பாடு. டீ, பிஸ்கட்டுக்குப் பொறுப்பு பக்கீர் முஹம்மது.

பேராசிரியர் காரில் வந்தார். கூடவே இயந்திரத்துக்குப் பாடம் எழுதிய தெய்வநாயகி என்ற பெண்ணும் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்று மாசம் அவள் பேராசிரியரின் எதிரில் உட்கார்ந்து, ஒரு படத்தில் நோய் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். பார்த்தால் தெரியும் என்றார். எதைப் பார்த்தால் என்று கேட்டாள். படத்தை என்றார். முதலில் எங்கே பார்ப்பீர்கள், எது இருந்தால் எதைச் சந்தேகிப்பீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். அதெல்லாம் அனுபவம், உனக்குப் புரியாதும்மா என்றார். அனுபவத்தை அட்டையில் குத்த முடியவில்லை. கடைசியில் அவள் எழுதிய பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: பேராசிரியர் சொன்னதே விடை, வேறு யார் என்ன சொன்னாலும் தவறு. அதைச் செய்ய இரண்டு அறை கம்ப்யூட்டர் எதற்கு என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. அவளுக்கும் உத்தியோகம் இருந்தது.

படத்துக்குப் பின்னால் விளக்கெரியும் பெட்டி ஒன்றைக் காரில் கொண்டுவந்திருந்தார்கள். கரண்ட் இல்லை. ஆகவே நிபுணரின் கண்ணும் ஜன்னலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். மனிதக் கண் சோர்ந்துபோகும், சந்தேகப்படும், பக்கத்தில் இருப்பவனைக் கேட்கும். இயந்திரத்துக்கு இந்த மூன்று குறையும் கிடையாது என்றார். அவருக்கும் கிடையாது என்பது சொல்லாமலே விளங்கியது. பிறகு ஒரு படத்தை ஜன்னலில் உயர்த்திப் பிடித்தார்.

“இருபத்தேழு. மொத்தம் இருபத்து நாலு டாக்டருங்க பார்த்தாங்க. அத்தனை பேரும் முதல் தடவை ஒண்ணு போட்டாங்க. ஏம்மா, சரிதானே?”

சரி என்றாள் தெய்வநாயகி. எட்டு டாக்டர்களும் குனிந்துகொண்டார்கள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. தேசப்பன் எழுந்து நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை.

“சார், அந்த பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார்?”

“எந்த பேஷண்ட்?”

“அந்தப் படத்துல இருக்கறவருங்க.”

காசிலிங்கம் படத்தைப் பார்த்தார். அதற்குள் ஒரு ஆள் இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரியவந்தது போலிருந்தது. “இந்நேரம் போயிருப்பான். அதுவாய்யா இப்ப கேள்வி?”

“அது நான்தான் சார்.”

தேசப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். புற்று தொற்றாது என்று அவர் பரீட்சை எழுதித் தேறியவர். இருந்தாலும் நகர்த்தினார். தேசப்பன் காறை எலும்பையும் கூடுதல் விலாவையும் பற்றிச் சொன்னார். சட்டையை விலக்கிக் காட்டினார். பித்தானைத் திரும்பப் போட மறந்துவிட்டார்.

பேராசிரியர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். டாக்டருக்கே தெரியாத நோயை நம் இயந்திரம் அவருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது, இதைவிட வெற்றி வேறென்ன வேண்டும் என்றார். இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று தெய்வநாயகியிடம் சொன்னார். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

“சார், இருபத்து நாலு பேரும் ஒண்ணு போட்டப்பவே நான் உங்ககிட்ட கேட்டேன். இன்னொரு வாட்டி பாருங்கன்னு.”

“இருபத்து நாலு பேருக்குத் தெரியலைன்னா அதுக்குத்தாம்மா பாடம்.”

டீ கொடுத்துக்கொண்டு வந்த பக்கீர் முஹம்மது ஜன்னலருகில் நின்றுவிட்டார். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, பேராசிரியரின் கையிலிருந்த படத்தைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். இது மாசி மாசம் வேனில் எடுத்ததா என்று தேசப்பனைக் கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர்.

“அப்ப இது அஞ்சம்மா வெச்ச உப்புங்க.”

அன்றைக்கு டாக்டர் வேனில் ஏறப் போனபோது, உப்பு வாருகிற கிழவி அஞ்சம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாளாம். எங்களுக்காக இந்த மனுஷன் மெஷினுக்கு நெஞ்சைக் கொடுக்கிறாரே என்று அழுதாளாம். ஒரு கை கல்லுப்பை அவர் தலையைச் சுற்றி, அதைத் தண்ணீரில் போடாமல் துணிக்கிழிசலில் முடிந்து, கண்ணு படாமல் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் திணித்தாளாம். கீழே இறங்கியதும் அவளே அதை உருவிப்போய்ப் பாத்தியில் எறிந்தாளாம். டாக்டருக்கு எங்கே தெரியும், அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார் என்றார் பக்கீர் முஹம்மது.

“சங்கிலி, சாவி, தாயத்து, இரும்பு எது இருந்தாலும் கழட்டுன்னுதாங்க வேன்காரன் சொன்னான். முந்நூறு பேரு, சட்டையைக் கழட்ட எங்கங்க நேரம்? உப்பு இரும்பு இல்லீங்களே. அப்புறம் எங்க ஜனம் அவ்வளவு பேரும் மடியில முடிஞ்சுக்கிட்டுத்தான் ஏறிச்சு. இவரு ஒருத்தருக்குத்தான் பாக்கெட்டு நெஞ்சு மேல.”

உப்புக் கட்டி எக்ஸ்ரேயில் நிழலாக விழும் என்று பின்வரிசை டாக்டர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். சொன்னது யார் என்று பேராசிரியர் பார்த்தபோது அங்கே எட்டுப் பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற கண்ணுக்கு உப்பும் புற்றும் தெரியாதா என்றார் காசிலிங்கம். தவிர, விடைகள் கமிட்டியில் வைத்து முடிவானவை. மாற்றுவதென்றால் அடுத்த கமிட்டி பங்குனியில். இப்போது இருட்டுவதற்கு முன் மெட்ராஸ் போயாக வேண்டும்.

“இப்ப ஒரு படம் எடுத்தா தெரிஞ்சிடுமே சார்,” என்றாள் தெய்வநாயகி, பேராசிரியரைப் பார்த்து அல்ல, தேசப்பனைப் பார்த்து.

கார் போயிற்று. அவள் அதில் ஏறவில்லை. பாண்டிச்சேரியில் சித்தி வீடு இருக்கிறது, நாளைக்குக் காலையில் டாக்டரோடு பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் போவதாக அதுவரை யாரும் சொல்லவில்லை.

இத்தனை நாளும் அவர் பயந்தது ஒரு மாதிரி. சாகப்போகிறவனின் பயம், அதில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டிருந்தது. இப்போது தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பயம் அவரை முழுசாகப் பிடித்தது. காலையில் பஸ் அனுமந்தையைத் தாண்டும்போது, இறங்கிவிடலாமா என்று கேட்டார். ஜுரக் கூட்டம் காத்திருக்கும் என்றார். தெய்வநாயகி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளச் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். இப்போது அவர் இறங்குவதென்றால் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அவர் நெஞ்சில் கையை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். உப்பு என்றால் அந்தக் கிழவியின் காலில் விழலாம். உப்பும் இருந்து, உப்புக்குப் பின்னால் அதுவும் இருந்தால்? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையே.

எக்ஸ்ரே எடுத்தவர் பெயர் மாயவன். சட்டை, பனியன் எல்லாவற்றையும் கழட்டச் சொன்னார். தகடு நெஞ்சில் ஐஸ் மாதிரி ஒட்டியது. மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது தேசப்பன் பிடித்த மூச்சை, போதும் விடுங்கள் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டார்.

கால் மணி நேரம் கழித்து மாயவன் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். யாரும் கேட்காமலே, நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார்.

“ஆனா ஒண்ணும் காணோமேங்க. காறை எலும்புதான் கோணலா இருக்குது.”

தேசப்பன் படத்தின் முன்னால் நின்றார். இடது மேற்பாதி. எலும்பு எலும்பைக் குறுக்கிடும் இடம். அங்கே சுத்தமாக இருந்தது. கறுப்பாக, காற்று நிறைந்து, ஒன்றுமில்லாமல் இருந்தது. சுத்தமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது. கிட்டப் போனார், எட்டி வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். மாயவனை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார் மாயவன்.

தெய்வநாயகி பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து, பென்சிலோடு அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே போடுங்க சார்.”

“இது மெட்ராஸ் போகுமா?”

“போகாது. நான் மட்டும்தான் பார்ப்பேன்.”

பென்சில் ஒன்றுக்கு மேல் போய் நின்றது. நான்குக்கு நகர்ந்தது. திரும்பி வந்தது. ஆயிரம் பேருக்கு நாடி பார்த்த கை அது. கடைசியில் ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். குழந்தை போட்ட மாதிரி கோணலாக, முனை கூடாமல் இருந்தது. போட்டுவிட்டு, சரியா தவறா என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது. சரி என்று சொல்லலாம், அவர் நம்பிவிடுவார். சொன்னால் அவளும் இன்னொரு வாத்தியார். முகத்தில் எதுவும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அவர் மறுபடி படத்தின் பக்கம் திரும்புகிறவரை காத்திருந்தாள்.